நான்கு படி ஏணி

தலைமைக் காவலரிடம் ஒரு வேண்டுகோள். 'முயற்சித்தேன்' என்று எழுத வேண்டாம்; 'முயன்றேன்' என்பதே சரி. அச்சகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பிழை திருத்தியவன் நான். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வில்லாபுரத்தில் எங்கள் படிப்பகத்துக்கு வரும் செய்தித்தாளில் 'சொல் ஏணி' என்றொரு புதிர் நாள்தோறும் உண்டு. இரண்டு சொற்கள் தருவார்கள். ஒரு முறைக்கு ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லை அடைய வேண்டும். இடையில் வருபவை எல்லாம் பொருளுள்ள சொற்களாக இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கரும்பலகையில் என் ஏணியை எழுதி, கீழே 'நல்லகாமன்' என்று பெயரிடுவேன். மாலை ஆறு மணிக்குள் அதைவிடக் குறைந்த படிகளில் முடிப்பவர் என்னுடையதை அழித்துவிட்டுத் தம்முடையதை எழுதலாம். குறைந்த படி இல்லாதவர் அழிக்கக் கூடாது. அந்த விதியை வகுத்தவன் நானே. ஒன்பது ஆண்டுகள் என் பெயரை ஒருவரும் அழிக்கவில்லை. எனக்கு மனைவி மக்கள் இல்லை. அந்தப் பலகை இருந்தது.

இந்த ஆண்டு, எண்பத்து மூன்று சித்திரையில் சிவனாண்டி வந்தான். பக்கத்து மரக்கடையில் தடி, அதாவது அறுக்காத மரம், தூக்குபவன். நண்பகலில் வந்து பலகையைப் பார்ப்பான். "சோறு தின்னுட்டு வாரேங்கய்யா" என்று சைக்கிளில் வீட்டுக்குப் போவான். திரும்பி வந்து, தோள் துண்டால் என் ஏணியை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதுவான். வாரத்தில் மூன்று நாளாவது இது நடந்தது.

எதிரில் டீக்கடை வைத்திருக்கும் காசிமாயனுக்குக் கொண்டாட்டம். "ஏ மாப்ள, தடி தூக்குறவன் மண்டையில இம்புட்டு இருக்கா? நல்லகாமண்ணே, நீங்க நாளைக்கு மரக்கடைக்குப் போயிருங்க. தடி காலியா கெடக்கு."

நானும் சிரித்தேன். எனக்குப் பொறாமை இல்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள். சோறு தின்னும் நேரத்தில் முடித்துவிடுகிறானே, அந்த அலட்சியம்தான் உறுத்தியது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், மரக்கடையில் அவன் குனிந்து நின்ற நேரம் பார்த்து, தடி அடுக்குக்கு முட்டுக்கொடுத்திருந்த ஆப்பை உருவினேன். அவனுடைய வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே தட்டையாயிற்று. விபத்து என்றார்கள். முதலில் ஓடிப் போய்த் தடியைப் புரட்டியவன் நான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிப் போனவனும் நான். அன்று அவன் உயிரையும் எடுத்திருக்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது என் பழக்கம்.

நாற்பது நாள் கழித்து வந்தான். இடக்கையால் அழித்தான், இடக்கையால் எழுதினான். கோணல் எழுத்துகள். ஆனால், என்னைவிட ஒரு படி குறைவு.

ஆவணியில், அவன் சாப்பாட்டுக்குப் போகும் கண்மாய்க் கரையில் கடப்பாரையோடு காத்திருந்தேன். முதல் அடியில் சைக்கிளிலிருந்து விழுந்தான். "அய்யா... நீங்களா?" என்றான். அந்த நிலையிலும் 'அய்யா'வை விடவில்லை. இரண்டாம் அடி நெற்றியில். மூன்றாவது தேவைப்பட்டிருக்காது, முடிந்ததா என்று ஒரு முறை சரிபார்க்காமல் விடுவதில்லை. கடப்பாரையைத் தண்ணீரில் எறிந்தேன். யாரோ வழிப்பறிக்காரர்கள் என்று நீங்கள் முடிவு செய்தீர்கள். நான் திருத்தவில்லை.

இருபது நாள் என் பெயர் பலகையில் இருந்தது.

இன்று தரப்பட்ட சொற்கள் 'பகல்', 'இரவு'. நான் எழுதியது: பகல், அகல், அகவு, அரவு, இரவு. நான்கு படி. நண்பகலில், பெண்கள் ஒருநாளும் நுழையாத படிப்பகத்துக்குள் சிவனாண்டியின் மனைவி அன்னக்கொடி வந்தாள். முந்தானையால் என் ஏணியை அழித்தாள். பகல், பரல், பரவு, இரவு என்று எழுதினாள். மூன்று படி. கீழே 'சிவனாண்டி' என்று பெயரிட்டாள்.

"நீயா ஆத்தா போட்ட?" என்றான் காசிமாயன்.

"எப்பவும் நாந்தாண்ணே போட்டேன். சோறு திங்கயில ரெண்டு சொல்லையும் சொல்லுவாரு. அவரு கை கழுவுறதுக்குள்ள முடிச்சிருவேன். பொம்பள இங்க வரக்கூடாதுன்னு அவரு வந்து எழுதிட்டுப் போவாரு."

"பரல் என்றால் என்னவென்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொலுசுக்குள்ள கெடந்து குலுங்குறது என்னங்கய்யா? பரலுதான."

மூன்று எழுத்தும் மாற வேண்டிய சொல்லுக்கு மூன்றுக்குக் கீழே படி கிடையாது. அவளை இனி யாரும் வெல்ல முடியாது. மேலும், நான் தவறான ஆளைத் திருத்தியிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அவள் பின்னாலேயே போனேன். உலையில் அரிசி கொதித்தது. அவள் அம்மியில் குனிந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். "உக்காருங்கய்யா, தண்ணி தாரேன்" என்று எழுந்து செம்பை எடுக்கத் திரும்பினாள். குழவியை இரு கைகளாலும் தூக்கினேன். ஒரே அடி போதுமானதாக இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்தேன்.

என் சட்டையில் இருப்பதில் பாதி மிளகாய். அதைப் பிரித்து எழுதுங்கள். இரண்டு கொலைகளையும் அந்தக் கையையும் செய்தவன் நான்தான். எல்லாம் விதிப்படியே நடந்தது.

வரும் வழியில் படிப்பகத்துக்குப் போய், அவள் எழுதியதை அழித்து, என் நான்கு படிகளை மறுபடி எழுதிவிட்டேன். இப்போது மணி மூன்று. ஆறு மணி வரை அங்கே ஒரு காவலரை நிறுத்துங்கள். யாரும் அழித்துவிடக் கூடாது.