கடுகுச் செய்தி

என் தம்பிக்கு எதையும் கடைச்சாமான் கணக்கில் சொன்னால்தான் புரியும். இரும்புக்கடையில் பதினோரு வருஷம் நின்றவன். ஐந்தாவது வாரம் அவன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "உள்ள ஒரு கடுகு மாதிரி இருக்காம்" என்று சொன்னபோது, "கடுகு நம்ம கடையில கிடையாதே. அரை இஞ்சு ஆணியோட தலைன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே ஓர் ஆணியைச் சுண்டுவிரல் நகத்தின்மேல் நிறுத்திப் படம் எடுத்துக் கைப்பேசியில் எங்கள் குழுவுக்கு அனுப்பினான். "கடுகு, வாரம் ஐந்து. ஆணித்தலை சைஸ். அம்மாவும் ஆணியும் நலம்." முதலில் சிரித்துப் பதில் போட்டது நான்தான்.

ஐயா, உண்மையை மட்டும் எழுதித் தரச் சொன்னீர்கள். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. தட்டச்சுதான் என் பிழைப்பு. ஸ்கேன் மையத்தில் பத்தொன்பது வருஷமாக ரிப்போர்ட் அடிக்கிறேன். டாக்டர் படத்தைப் பார்த்து மெஷினில் பேசி வைப்பார். நான் காதில் மாட்டிக் கேட்டு அடிப்பேன். இதுவரை என் கையில் பிழை வந்ததில்லை. விசாரணைக் கடிதத்தில் 'மூன்று தட்டச்சுப் பிழைகள்' என்று போட்டிருக்கிறீர்கள். அது மட்டும் தவறு. அவை பிழைகள் அல்ல.

தம்பி மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் கொடுக்கும் வேலை அவளுக்கு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். தினமும் ஒன்பது தெரு, முந்நூறு வாசல். தம்பி அவளைத் 'தபாலு' என்றுதான் கூப்பிடுவான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நின்றுகொண்டே தூங்கிவிடுவாளோ என்று நான் கிண்டல் செய்வேன். "உக்காந்தா துருப்பிடிச்சிரும் அண்ணி, உங்க தம்பி கடைச்சாமான்தானே நானும்" என்பாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு நாளும் மனத்தாங்கல் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கடுகுச் செய்தி வரும். எட்டாவது வாரம் நட்டு. பன்னிரண்டில் அலமாரிக் கீல். பதினான்கில் பூட்டு, "சாவி அம்மாவிடம்" என்று எழுதியிருந்தான். குழுவில் அறுபது பேர் இருந்தோம். அவன் கடைக்காரர்கள், அவளுடைய தபால் நிலையத்துத் தோழிகள், ரொம்பத் தூரத்தில் இருக்கும் அவள் அம்மா. அடுத்த வாரம் என்ன சாமான் என்று பந்தயம் கட்டுவார்கள். நான் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஏனென்றால் சனிக்கிழமையே இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். என் சாப்பாட்டு மேஜையில் திருகாணியையும் தாழ்ப்பாளையும் பரப்பி வைத்து, அளவுகோலால் அளந்து, எது பொருத்தம் என்று மூன்று பேரும் சண்டை போடுவோம். நான் தனியாள். மூன்று அறை, கீழ்த்தளம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது எல்லா அறைக்கும் கேட்கும். சனிக்கிழமை மட்டும் கேட்காது.

பத்தொன்பதாவது வாரம் அவர்கள் வரவில்லை. அவளுக்கு அசதி என்றான். மறுநாள் குழுவில் செய்தி வந்தது. ஒரு சுருட்டிய அளவு டேப்பின் படம். "கடுகு ஊர் மாறுது. அப்பா புதுக் கிளைக்கு மேனேஜர். எட்டு மணி நேரப் பயணம். மூணு வாரத்துல கிளம்பறோம். டேப் பத்தாது." அறுபது பேரில் ஒருத்தியாக நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். வாழ்த்துச் சொன்னேன். பிறகு தம்பிக்குப் போன் செய்தேன்.

"உங்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான் இருந்தோம் அக்கா. இவதான் அவசரப்பட்டுப் போட்டுட்டா."

"அதனால என்னப்பா. நல்ல சேதி எப்படி வந்தாலும் நல்ல சேதிதான்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

இருபதாவது வாரத்து ஸ்கேன் எங்கள் மையத்தில். ஊழியர் குடும்பத்துக்குக் கட்டணம் கிடையாது என்பதால் நான்தான் அங்கே வரச் சொல்லியிருந்தேன். எங்கள் டாக்டர் மெஷினோடு மட்டும் பேசும் ரகம். வந்தவர்களிடம், "ரிப்போர்ட் வாங்கிட்டு உங்க டாக்டரைப் பாருங்க" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். அன்று அவர் பேசி வைத்ததைக் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. தலை, முதுகுத்தண்டு, இதயத்தின் நாலு அறை. குழந்தைக்கு உணவு கொண்டுபோகும் நஞ்சு மேலே, இருக்க வேண்டிய இடத்தில். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மேலே' என்று வர வேண்டிய இடத்தில் 'கீழே, கர்ப்பப்பை வாயை முழுதும் மூடியபடி' என்று அடித்தேன்.

அவ்வளவுதான். ஒரு வரி. டாக்டர் சாயங்காலம் நாற்பது ரிப்போர்ட்டை அடுக்கி வைத்துக் கையெழுத்துப் போடுபவர். அவளைக் கவனிக்கும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவோ படங்களை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. கடைசி வரியைத்தான் படிப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் கடைசி வரியைத்தான் படிக்கிறார்கள்.

டாக்டரம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி ரிப்போர்ட் எத்தனை அடித்திருக்கிறேன். நஞ்சு வாயை மூடியிருந்தால் எந்த நேரத்திலும் ரத்தம் கொட்டலாம். பயணம் கூடாது, நடை கூடாது, மாடிப்படி கூடாது. அவர்கள் இருந்தது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவள் அம்மாவால் வர முடியாது. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். ஆக, மூன்றாம் நாள் தம்பி அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றான். "அக்கா, உன்னை விட்டா யாரு?" என்றான். மேனேஜர் வேலை வேறு ஒருவருக்குப் போனது. அதற்காக அவன் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. என் வளர்ப்பு அப்படி.

அதன் பிறகு வந்த வாரங்களைப் போல இன்னொரு காலம் எங்கள் குடும்பத்தில் இருந்ததில்லை. முன்னறையில் கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். அவளை ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடவில்லை. கட்டிலிலேயே குளியல், கட்டிலிலேயே சாப்பாடு, தலை வாரிப் பின்னலும் கட்டிலிலேயே. அவளுடைய தபால் தோழிகள் மதியம் வந்து தெருக்கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த வாசலில் புது நாய், எந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. வீடு கலகலவென்று இருந்தது. இருபத்து நான்காவது வாரம் கடுகு ஒரு அடி. அளவுகோலை அவள் வயிற்றின்மேல் நிறுத்தினோம். உள்ளேயிருந்து ஓர் உதை வந்து அளவுகோல் கீழே விழுந்தது. "அடி வாங்கியது ஸ்கேல்" என்று நான் எழுதினேன். ஆமாம், அதற்குள் கடுகுச் செய்தியை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தம்பி கடையிலிருந்து களைத்து வருவான். அவளுக்குப் படுத்துக்கொண்டு எழுதினால் தலை சுற்றும். எழுத்து நன்றாக வருகிறது என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள்.

இருபத்தெட்டாவது வாரம் மறுபடி ஸ்கேன். டாக்டரம்மாவின் சீட்டில் 'நஞ்சு கீழே இருக்கிறது, மறுபடி பார்க்கவும்' என்று இருந்தது. சீட்டை வாங்கி உள்ளே அனுப்புவதும் நான்தான் என்பதால், அது எங்கள் டாக்டர் கண்ணில் படாமல் 'வளர்ச்சி பார்க்கவும்' என்று வேறொன்று எழுதி அனுப்பினேன். இதை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். கேட்காமலே சொல்கிறேன்.

பல பேருக்கு இந்த நஞ்சு நாளாக ஆகத் தானாக மேலே ஏறிவிடும். அன்று அப்படி அடித்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவள் அன்றைக்கே எழுந்து நடந்திருப்பாள். நானும் யோசித்தேன். விரலை விசையின்மேல் வைத்துக்கொண்டு நன்றாகவே யோசித்தேன். ஆனால் அந்த வாரம்தான் கடுகு சுத்தியல் அளவு. அதற்கு நல்ல நல்ல வாசகங்கள் வைத்திருந்தேன். வெளியே சக்கர நாற்காலியில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பழைய வரியையே அடித்தேன்.

முப்பதாவது வாரம் அவளுக்கு இடது கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சுட்டது. அசையாமல் கிடந்ததால் ரத்தம் உறைந்துவிட்டதாம். தினமும் வயிற்றில் ஊசி போட வேண்டும் என்றார்கள். நர்ஸிடம் கற்றுக்கொண்டு நானே போட்டேன். எனக்குக் கைராசி, வலியே தெரியவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்த நாள்களில்தான் அவள் கொஞ்சம் அழுதாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கு அண்ணி. ஒரு சொட்டு ரத்தம்கூடப் படல. ஒரே ஒரு தடவ வாசல் வரைக்கும் நடந்துட்டு வந்துரட்டுமா?"

"கடுகுக்காகப் பொறுத்துக்கம்மா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்தானே."

ஒரு சொட்டு ரத்தம்கூடப் படாததைப் பார்த்து டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். "உங்களை மாதிரி ஒரு நாத்தனார் எல்லாருக்கும் கிடைக்கணும்" என்று மற்றவர்கள் முன்னால் சொன்னார். அவரிடம் கேட்டுப்பாருங்கள்.

முப்பத்து நான்கில் கடைசி ஸ்கேன். அதற்கும் சீட்டை மாற்றினேன். அதே வரி. முப்பத்தாறாவது வாரம் தேதி குறித்து அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு லிட்டர் பெயிண்ட் டப்பா எடை. பெண். மூச்சு சரியாக வராமல் ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. இப்போது ஒரு குறையும் இல்லை. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அவள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அறுவை செய்த டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம், "நஞ்சு மேலதானே இருக்கு? யாரு இதைக் கீழன்னு சொன்னது?" என்று கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. முந்நூறு வாசலுக்குக் கடிதம் பிரித்துக் கொடுத்தவள். எது யாருடைய கையிலிருந்து வந்தது என்று பார்க்கத் தெரியாதா?

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது அவள் எங்கள் மையத்துக்கு வந்தாள். இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். அந்த வீக்கம் இனி முழுதாக வடியாது என்று சொல்லிவிட்டார்களாம். தபால் நிலையத்தில் உட்கார்ந்து கடிதம் பிரிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். தோளில் குழந்தை. என் மேஜைமேல் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக வைத்தாள். தம்பி வாசலிலேயே நின்றுகொண்டான்.

"இதெல்லாம் நீங்க அடிச்சதா அண்ணி?"

"ஆமாம்மா."

"டாக்டர் சொன்னதையா அடிச்சீங்க?"

"குழந்தையை இந்த வெயில்ல தூக்கிட்டு வரலாமா?" என்றேன்.

அவள் நகரவில்லை. "உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறு தடவ அழுதிருக்கேன்" என்றாள்.

"ஏழு" என்றேன். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

டாக்டர் பேசி வைத்த பதிவுகள் மெஷினில் அழியாமல் இருக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அழிக்கத் தோன்றவில்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று மாலை குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். போன மாதம் ஊரைவிட்டும் போய்விட்டார்கள். அந்தப் புதுக் கிளையிலேயே தம்பிக்குச் சாதாரண வேலை கிடைத்திருக்கிறதாம். நல்லபடியாக இருக்கட்டும். வாசலில் நின்றவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "ஏன் அக்கா?" கேள்வி எனக்குப் புரியவில்லை என்று நினைத்தானோ என்னவோ, பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆகவே ஐயா, மூன்று ரிப்போர்ட்டையும் தெரிந்தே மாற்றியது நான். சீட்டுகளை மாற்றியதும் நான். டாக்டருக்கோ மையத்தில் வேறு யாருக்குமோ இதில் பங்கில்லை. ஒரு குறையும் இல்லாத பெண்ணை நூறு நாளுக்கு மேல் படுக்கையில் கிடத்தினேன். நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக, வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துப் பார்த்தேன். ஒன்று உண்டு. கடைசி ரிப்போர்ட்டில் அந்த வரியைக் கொஞ்சம் மென்மையாகப் போட்டிருந்தால் டாக்டரம்மா அவசரப்பட்டுத் தேதி குறித்திருக்க மாட்டார். நாற்பது வாரம் முழுதாக விட்டிருப்பார்கள். இன்னும் நாலு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இருந்தது.