மூணு மைல் தள்ளி

...பொய் சொல்லுதும்மா இந்த ஜிபிஎஸ் மெஷினு! பச்சப் பொய்! அதத்தான் எழுதிக் குடுங்கிறேன். "கேப்டன் கமாயிஸ் மேல தப்பில்ல, யாரோ இதுல கை வச்சிருக்காங்க"ன்னு என் பேரப் போட்டு ரெண்டே வரி. கீழ உன் கடை முத்திரை. அதுக்குத்தான் கெர்கென்னாத் தீவுல ஃபெரி ஏறி, ஒரு காபி கூடக் குடிக்காம ஸ்ஃபாக்ஸ் வந்து நிக்கிறேன்.

யாரோன்னா... என் மச்சான் மொன்ஜிதான். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். பேய்க்கணவாய் எங்க கெடைக்கும்னு பதினஞ்சு வருஷமா இந்த ஜிபிஎஸ்ல குறிச்சு வச்சிருக்கேன், இருபத்தேழு எடம். அத எட்டி எட்டிப் பாக்குறதுதான் அவன் பொழப்பு!

போன செவ்வாக்கிழம கடல்ல எனக்கு இஞ்சின் நின்னு போச்சு. ரேடியோவ எடுத்து, திரையில இருந்த நம்பர அப்படியே படிச்சேன். ரெண்டு தடவ! காவல் படகு அங்க போனா வெறும் தண்ணியாம். ஏழு மணி நேரம்மா... குடிக்கத் தண்ணி தீந்து, நாக்கு ஒட்டிக்கிச்சு. கடைசியில வந்தது யாரு? மொன்ஜி! "ரேடியோவுல நீ சொன்ன நம்பர விட்டுட்டேன் மச்சான், காத்து எந்தப் பக்கம் தள்ளும்னு பாத்து வந்தேன்"ங்கிறான். ரொட்டியும் ஹரிஸா மொளகா விழுதும் நீட்டுறான்.

நான் தட்டி விட்டேன். "என் மெஷின்ல கை வச்சது நீதான்டா"ன்னு, கரை வந்ததும் பத்து பேரு பாக்க கன்னத்துல... ஆமா. வச்சேன். என் பொண்டாட்டி தௌஹீதா அன்னைக்கே அவன் வீட்டுக்குப் போயிட்டா. "உன்னத் தேடி வந்தவன் கன்னத்துல அடிச்சியே"ன்னு ஒரே வார்த்த. நாலு நாளா நானே சமைச்சுத் திங்கிறேன். காகிதம் இல்லாம நான் எந்த மூஞ்சியோட...

ஏம்மா, அந்த வயரு ஆகாதா? கரண்டு மட்டுந்தான் போகுமா? பேசுற வயரு தனியா? நல்லா இருக்கு போ! மெஷின ஏன் வாசப்படியில வைக்கிற? ஓ, அதுக்கு வானம் தெரியணும்... சேட்டிலைட்டு என்னையப் பாக்கத்தானே?

பாக்காதா? அதுங்க பாட்டுக்கு மணி சொல்லிக்கிட்டு போகும், இந்த மெஷின்தான் கேட்டுக் கணக்குப் போட்டுக்குமா? அடப்பாவிங்களா... ஏழு மணி நேரமும் மேல பாத்துக் கைய ஆட்டுனேனே! நான் அங்க கெடக்குறது மேல ஒருத்தனுக்கும் தெரியாதா?

ம்... என்ன வேகம்? ரெண்டும் ஒரே வேகத்துல பேசுனாத்தான் கம்ப்யூட்டருக்குப் புரியுமா? எங்க வீட்ல அது என்னைக்குமே நடந்ததில்ல. நாலாயிரத்து எண்ணூறு... போடு போடு. ஆ, வருது! வரிக்கு வரி டாலர்! காசு இல்லையா? சும்மா அடையாளமா... சரி.

வரைபடம் வந்துருச்சு. புள்ளி எங்க? கடல்லயா! நாம கடைக்குள்ள நிக்கிறோம், புள்ளி கடல்ல மிதக்குது. பாத்தியா! நான் சொல்லல? எழுதும்மா, எழுது!

...சரியா மூணு மைலா? கிழக்கயா?

மெனுவ எதுக்குத் தொறக்குற? அது... அத விடேன். "எடத் திருத்தம்"... கிழக்க மூணு...

...

இந்த விசிறிய கொஞ்சம் வேகமா வையி.

திங்கக்கிழம துறையில ஜிபிஎஸ்ஸ ஆன் பண்ணி வச்சிருந்தேன்மா. மொன்ஜி பக்கத்துல நின்னு திரைய எட்டிப் பாத்தான். படட்டும்டா, தப்பான நம்பர எடுத்துட்டுப் போய்ப் படட்டும்னு... நான்தான் அந்தத் திருத்தத்துல மூணு மைல் தள்ளி வச்சேன். சாயங்காலம் மாத்தணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். மறுநாள் மாத்தாம அதையே ரேடியோவுல... ரெண்டு தடவ...

சிரிக்காத தாயி. சிரிச்சுக்கோ, பரவால்ல.

அத பூஜ்யமாக்கிரு. ...ஆ. புள்ளி கடைக்கு வந்துருச்சு.

காகிதம் வேணாம். அந்த இருபத்தேழு எடத்தையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு எடுத்து, பென் டிரைவ்ல போட்டுக் குடு. ரெண்டா. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு... அவனுக்குத்தான். வேற என்னத்த எடுத்துட்டு அவன் வாசல்ல போய் நிக்க?

ஆமா, எல்லா எடமும்தான். இருபத்தேழும்.

...இரு இரு. அவனோடதுல அந்தக் கடைசி ரெண்ட மட்டும் எடுத்துரு.