கிடை போடாத காடு

ஆடுகள்மேல் பழி போடுவது சுலபம். அவை திரும்பிக் கேட்பதில்லை, கூட்டம் போட்டு விளக்கம் கோருவதில்லை. நான் ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஒரு பழியை எங்காவது இறக்கிவைக்க வேண்டி வந்தபோது அவைதான் முதலில் நினைவுக்கு வந்தன.

நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். பல ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து, மண்ணுக்கடியில் அதிர்வலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து, எல்லா அளவுகளையும் ஒரே வரைபடமாகக் கோத்துக்கொண்டிருக்கிறோம். பாறையில் அலை விரைந்து ஓடும். நிலநடுக்கம் வந்தால் அங்கே ஆட்டம் குறைவு. இளகிய மண்ணில் அலை தயங்கித் தயங்கிப் போகும். போகிற போக்கில் மேலே நிற்பதைப் பிடித்து உலுக்கும். இவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் கணக்கு. கரிசல் பகுதியிலிருந்து வந்து சேரும் அளவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

இடைசெவலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்த்தபோது ஊருக்குக் கிழக்கே இருக்கும் மானாவாரி நிலத்தை, கிழக்குக் காட்டை, நான்தான் சொன்னேன். கரிசலில் கட்டடம் எழுப்புகிறவர்கள் சுக்கான் என்கிற சுண்ணாம்புக்கல் வரும்வரை தோண்டுவார்கள். வெள்ளையாய், கெட்டியாய் அது தட்டுப்பட்டதும், அடி கிடைத்துவிட்டது என்று வெற்றிலை போடப் போய்விடுவார்கள். நானும் சம்மட்டியால் தட்டிப் பார்த்தேன். அலை விரைந்து ஓடியது. கீழே பாறை என்று வரைபடத்தில் போட்டேன். பாறைமேல் நிற்கிற கட்டடத்துக்கு என்ன தூண் போதுமோ அதைத் திட்டமிட்டார்கள். பூமி பூஜையன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அரக்கு நிறம். எனக்கு நன்றாகவே பொருந்தியது.

தூண் எழும்புவதற்கு முன்னால் பானு வந்தாள். என் பழைய மாணவி, இப்போது வேறொரு கல்லூரியில் இருக்கிறாள். அந்தக் காட்டில் குழி தோண்டி ஒரு கருவியைப் புதைத்து, தரையின் நடுக்கத்தைச் சில நாள் கேட்கவிட்டாள். சுக்கான் வெறும் மெல்லிய ஓடு, அதற்குக் கீழே வெகு ஆழத்துக்கு ஈரக் களிமண் என்று சொன்னது அவளுடைய அளவு. பாயசத்தில் மிதக்கும் அப்பளம், அதன்மேல் ஒரு பள்ளிக்கூடம். நல்ல உவமை என்று எனக்கே தோன்றியது, யாரிடமும் சொல்லவில்லை.

பானு வேலையில் பிசகு வைக்கிறவள் அல்ல. ஆனால் பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒருத்தி மட்டும் தனியாக நிற்பது அழகாக இல்லை. அந்தச் சங்கடத்திலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தேன்.

எங்கள் திட்டத்தில் ஒரு விதி உண்டு, நானே சொல்லிச் சேர்த்தது. அறுவடை முடிந்த காட்டில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள். பக்கத்தில் கிடை இருந்தால் குளம்புகளின் மிதி கருவியில் ஏறிவிடும். அந்த அளவை ஒதுக்கிவிட வேண்டும். இதைக் காணொளிக் கூட்டத்தில் விளக்கியபோது சென்னைக்காரர் ஒருவர், ஆடுகளைக் கொஞ்சம் அசையாமல் நிற்கச் சொல்ல முடியாதா என்று கேட்டார். அன்றிலிருந்து கிடை விஷயத்தில் என் வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. பானுவின் அளவுக்கு நேரே ‘கிடை’ என்று குறித்து ஒதுக்கினேன்.

“மேடம், நான் போனப்ப அங்கன ஒரு ஆடுகூட இல்லையே,” என்றாள் பானு.

“நீ பகல்ல போயிருப்ப. ஆட்டை அந்தியிலதான அடைப்பாங்க.”

“விடியக்காலம் புழுக்கையையும் எடுத்துட்டா போயிருவாங்க?”

சிரித்துவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை.

ஊரில் கிடை போடுகிறவர் என் சித்தப்பா சங்கிலிப்பாண்டிதான். அவரையே கேட்டுக்கொள் என்று பானுவைக் கூட்டிப்போவதற்கு முந்தின நாளே அவரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

“ஏட்டி, அந்தக் காட்டுல ஈரம் காயவே காயாது. ஆட்டுக்குக் கால் அழுகிப்போகும். அங்கன எவனாவது கிடை போடுவானா?”

“போட்டேன்னு மட்டும் சொல்லுங்க சித்தப்பா. இல்லேன்னா பள்ளிக்கூடம் கடம்பூருக்குப் போயிரும்.”

“அடி ஆத்தி. நம்ம இசக்கிச்செல்வி அங்கன படிக்கணுமுல்லா. ஒரு கிடை என்னட்டி, ஊர்க் கிடை பூராத்தையும் போட்டேன்னு சொல்லுதேன்.”

இசக்கிச்செல்வி அவருடைய மகன்வழிப் பேத்தி. உண்மையில் பள்ளிக்கூடம் எங்கேயும் போயிருக்காது. அடித்தளத்தை ஆழமாக்கி, தூண்களைப் பெருக்கியிருப்பார்கள். என் சால்வைதான் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

மறுநாள் எந்தக் கிடா எந்த மூலையில் படுத்தது என்பதுவரை சித்தப்பா சொன்னார். பொய்யில் அவருக்கு இவ்வளவு ரசனை உண்டென்று எனக்குத் தெரியாது.

“புழுக்கை, அண்ணாச்சி?” என்றாள் பானு.

“காத்து கொண்டுபோயிட்டு தாயி. நம்ம பக்கத்துக் காத்து அப்படி.”

பானு அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் எழும்பியது. மாடியில் இசக்கிச்செல்வியின் வகுப்பு. போன ஐப்பசியில் எங்கோ தூரத்தில் பூமி லேசாக அசைந்தது. எங்கள் வீட்டில் டம்ளர்கூட நகரவில்லை. சாயங்காலம் அவள் ஓடிவந்தாள்.

“அத்தை, இன்னைக்கு பெஞ்சு ஊஞ்சல் மாதிரி ஆடுச்சு. டீச்சர் சாக்பீசப் போட்டுட்டு ஓடிட்டாவ. நாங்க உக்காந்து சிரிச்சிக்கிட்டே இருந்தோம்.”

“பயமா இல்லையா?”

“எதுக்கு? அடியில பாறைன்னு நீங்கதான சொன்னிய.”

வீட்டில் கடம்பூர் போளி இருந்தது, கொடுத்தேன். இன்னொன்று கேட்டாள், அதையும் கொடுத்தேன். மாடிப்படிச் சுவரில் விழுந்திருந்த கீறலைக் காட்டிப் பள்ளியில் என்னிடம் கேட்டார்கள். கரிசல் என்றால் சுவர் கீறத்தான் செய்யும் என்றேன். பூசி வெள்ளையடித்துவிட்டார்கள்.

சித்தப்பாவுக்கு என்மேல் பெரிய நன்றி. பார்க்கும்போதெல்லாம், “நீ இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடம் ஏது? உன் மவளையும் இங்கன சேத்துருட்டி, ரெண்டும் ஒண்ணாப் போயிட்டு வரட்டும்,” என்பார். என் மகளை இந்தப் பள்ளிக்கூடம் திறந்தபோதே கோவில்பட்டியில் சேர்த்துவிட்டேன். பஸ்ஸில் நசுங்கிப் போய்வருகிறாள். இசக்கிச்செல்வி கூட இல்லையே என்று அழுகிறாள். அங்கே பாட்டு வகுப்பு இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் நினைப்பது புரிகிறது. ஆனால் நான் அளந்ததில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. கிழக்குக் காட்டுக்கு அடியில் பாறைதான். மகளைச் சேர்ப்பதற்கு முன்னால் பானுவிடமே கருவியை இரவல் வாங்கி, கோவில்பட்டிப் பள்ளியின் திடலில் புதைத்துப் பார்த்தது எந்தத் தாயும் செய்யக்கூடியது.