நாலு பத்துக்கு வரும் பழுப்புச் சட்டைக்காரர்

…பாராட்டறவங்க பாராட்டிட்டு அதோட போயிடணும்க்கா. அதை விட்டுட்டு, "நானும் வந்து நேர்ல பாக்கறேன்"னு கிளம்பறதெல்லாம் என்ன பழக்கம்? நீங்களே சொல்லுங்க. ஒருத்தர் வீட்டுல சாப்பிடறோம், நல்லா இருக்குன்னு சொல்றோம். உடனே எந்திரிச்சு சமையக்கட்டுக்குள்ள போயி ஒவ்வொரு பாத்திரமா திறந்தா பாக்கறோம்? மாட்டோம்ல? ஒரு மரியாதை இருக்குல்ல?

இந்தப் பையைக் கொஞ்சம் நகத்திக்கறீங்களா… ஆங், போதும் போதும். மணி என்ன, மூணு நாப்பதா? இன்னும் இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துல நான் ஒரு ஆளைக் கண்டுபிடிச்சாகணும். இல்லேன்னா உங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷியாவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும். என்ன வார்த்தையா? சொல்றேன், சொல்றேன். முதல்லேந்து சொன்னாத்தான் என் மேல தப்பில்லன்னு புரியும்.

காலேஜ்தான்க்கா, இதோ இந்த ரோட்டு முனையில. ரெண்டாம் வருஷம், சமூகவியல். எங்க மேடம் ஒரு வேலை குடுத்தாங்க. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கணுமாம். இருபது நாள் தினமும் அங்க போயி ஒரு மணி நேரம் உக்காரணுமாம். கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை ரெக்கார்டு நோட்டுல எழுதணுமாம். யாரையும் எதுவும் கேக்கக் கூடாது, அறிவுரை எழுதக் கூடாது, முக்கியமா கவிதை எழுதக் கூடாது. பாத்தது மட்டும். "ஒரு இடத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு நான் பாடமே நடத்த வேண்டாம்"னாங்க. அப்ப நடத்தாதீங்களேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

ஆளாளுக்கு ஒரு இடம் எடுத்தாங்க. எங்க வகுப்புல ஸ்கேலுன்னு ஒருத்தி இருக்கா. எதை எழுதினாலும் அடியில ஸ்கேல் வச்சுக் கோடு போடுவா, அதான் அந்தப் பேரு. அவ முடிவெட்டற கடையை எடுத்தா. எதுத்தாப்புல மருந்துக்கடை வாசல்ல நின்னு, "நாலு மணி. ஒருவர் உள்ளே போனார். நாலு இருபது. வெளியே வந்தார். முடி குறைந்திருந்தது." இருபது நாளும் இதேதான்! படிக்கறவங்களுக்குக் கொட்டாவி வருமா வராதா? நான் இந்த பஸ் ஸ்டாண்டை எடுத்தேன். இந்தக் காத்திருக்கற ஹாலை. உக்கார இடம் இருக்கும், மேல கூரை இருக்கும், யாரும் ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க. நல்ல யோசனைதானே?

இல்லக்கா, இருங்க, நான் முடிச்சுடறேன். என்ன சொல்ல வந்தேன்… ஆங். நான் இங்க வரலதான், ஆனா கிளம்பலைன்னு யாரு சொன்னா? முதல் நாள் கிளம்பினேன். பொய் சொல்லக் கூடாது, செருப்பு கூட போட்டுட்டேன். பாத்தா, குடையை என் தங்கச்சி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வெயில் மண்டையைப் பொளக்குது. சரி, நாளைக்குப் போலாம்னு விட்டுட்டேன். மறுநாள் தலைவலி. மூணாவது நாள் எனக்கே வெக்கமாயிடுச்சுக்கா. ரெண்டு நாள் போகலையே, இன்னிக்கு எந்த முகத்தோட போறதுன்னு. பஸ் ஸ்டாண்டு என்னமோ வாசல்ல நின்னு "ஏன்டி வரலை"ன்னு கேக்கப் போற மாதிரி! எங்க வீடு வேற காலேஜ்லேந்து இதுக்கு நேர் எதிர்த் திசையில. தங்கச்சி ஸ்கூட்டர்ல பின்னாடி ஏறி உக்காந்தா பத்து நிமிஷத்துல வீடு. இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கற வேலையே எனக்கு இல்ல.

சரி, நோட்டு காலியா இருக்கக் கூடாதேன்னு கட்டில்ல குப்புறப் படுத்துக்கிட்டு எழுத ஆரம்பிச்சேன். முதல் நாள் நானும் ஸ்கேலு மாதிரிதான் எழுதினேன். ஒருவர் வந்தார், ஒருவர் போனார். எனக்கே தூக்கம் வந்துடுச்சு. ரெண்டாவது நாள்தான், அந்த நேரம் பாத்து எங்கேந்து வந்தாரோ தெரியல, அவர் வந்துட்டாரு. "நாலு பத்துக்குப் பழுப்புச் சட்டை அணிந்த ஒருவர் வந்து மர பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. மூன்று பேருந்துகள் போயின. அவர் எழவில்லை." எழுதி முடிச்சதும் எனக்கே புல்லரிச்சுப் போச்சுக்கா. யாரு இவரு? ஏன் எழுந்திரிக்கல? மறுநாள் என்ன பண்ணுவாரோன்னு எனக்கே தூக்கம் வரலைன்னா பாத்துக்கோங்க.

அப்புறம் என்ன, நான் கை வச்சா நிக்குமா? அஞ்சாம் நாள் டப்பாவைத் திறந்து பாத்துட்டு மூடிட்டாரு. எட்டாம் நாள் இருமல். அது எங்க அப்பாவோட இருமல், பக்கத்து ரூம்லேந்து கேட்டுது, வீணாக்குவானேன்னு இவருக்குக் குடுத்துட்டேன். பதினோராம் நாள் வரவே இல்ல. பதினாலாம் நாள் மறுபடி வந்தாரு, பெஞ்சுல தன் பக்கத்துல துண்டைப் போட்டு யாருக்கோ இடம் பிடிச்சாரு. கூட்டம் நெருக்குது, ஒருத்தரையும் உக்கார விடல. கடைசி பஸ் வரைக்கும் அந்த இடம் காலியாவே இருந்துச்சு. நீங்க கூட நிமிந்து பாக்கறீங்க பாருங்க! அதான்க்கா எழுத்து.

பெரியவங்க என்ன சொல்றாங்க? கண்ணால காண்பதும் பொய், காதால கேட்பதும் பொய். அப்ப ஸ்கேலு கண்ணால பாத்து எழுதினதே பொய்யின்னா, நான் பாக்காம எழுதினது மட்டும் எப்படிப் பொய்யாகும்? கணக்குப்படி அது உண்மையால்ல ஆகணும்?

போன வாரம் நோட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. மேடம் என்னை எழுந்து நிக்கச் சொன்னாங்க. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். ஆனா திட்டலக்கா. பதினாலாம் நாளை எடுத்து சத்தமா படிச்சாங்க. முழுசா. நிறுத்தி நிறுத்தி. ஸ்கேலு ஸ்கேலைக் கீழ வச்சுட்டா! நாலஞ்சு பேரு மட்டும் பின்னாடி உக்காந்து சிரிச்சாங்க, எல்லாம் பஸ்ஸுல வர்ற பசங்க. பொறாமை. முடிச்சுட்டு மேடம், "இந்த வகுப்புல வேற யாருமே பாக்காததை இவ பாத்திருக்கா"ன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

சிரிக்காதீங்கக்கா. இந்த இருபது வருஷத்துல என்னை எழுந்து நிக்க வச்சு யாரும் நல்ல வார்த்தை சொன்னதே இல்ல. தங்கச்சிக்குத்தான் அதெல்லாம். வீட்டுல அவ மெடலை மாட்டறதுக்கு ஆணி அடிச்சு ஆணி அடிச்சு சுவரே சல்லடையாயிடுச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு, சந்தோஷத்துல. பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும் வந்துச்சு. அது என்ன கணக்குன்னு எனக்குத் தெரியல.

அதோட விட்டாங்களா? மணி அடிக்கற நேரத்துல, "வியாழக்கிழமை நாலு மணிக்கு நானும் அங்க வர்றேன். அவரை எனக்குக் காட்டு"ன்னுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு என்ன கிழமை? அதான்!

மாட்டினேன்னு வச்சுக்கோங்க, ரெக்கார்டுக்கு முட்டை. ரெக்கார்டுல முட்டைன்னா அந்தப் பேப்பரை அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும். அடுத்த வருஷம் அந்தக் கிளாஸ்ல யாரு இருப்பா தெரியுமா? என் தங்கச்சி! இப்ப முதல் வருஷம், இதே சமூகவியல். ஒரே பெஞ்சு! விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே, "கவலைப்படாத, உனக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன்"னு சொல்லிட்டா. அவ மட்டும் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நான் பேசாம போயி மேடம் கால்ல விழுந்திருப்பேன்.

ஆளு தேடாமலா இருப்பேன்? முதல்ல அப்பாவைக் கேட்டேன். பழுப்புச் சட்டை அவர்கிட்ட இருக்கு. "சும்மா உக்காந்து மூணு பஸ்ஸை விடுங்கப்பா, அவ்வளவுதான்"னேன். "வந்த பஸ்ஸை எதுக்கு விடணும்?"ன்னாரு. ஆறு மணி பஸ்ஸுக்கு நாலரைக்கே போயி நிக்கற மனுஷன்க்கா அவரு. அவர்கிட்ட போயி கேட்டேனே, என்னைச் சொல்லணும். அப்புறம் மாமாவைக் கேட்டேன். அவர் ஒரு காலத்துல ஆபீஸ் நாடகத்துல நடிச்சவரு. உடனே சரின்னுட்டாரு. "வசனம் என்ன?"ன்னாரு. "வசனமே இல்ல மாமா, சும்மா உக்காந்திருக்கணும்." "சும்மா உக்காரறதுக்கு நான் எதுக்கு? உங்க அப்பா போதுமே"ன்னுட்டு ஃபோனை வச்சுட்டாரு. இப்ப வந்ததும் அதோ அந்தத் தூண் ஓரத்துல நிக்கறாரே, அவர்கிட்ட கேட்டேன். நான் ஏதோ விக்க வந்திருக்கேன்னு நினைச்சுக்கிட்டு, "எங்க வீட்டுல எல்லாம் இருக்கும்மா"ன்னு சொல்லிட்டாரு.

இதுல இன்னொரு கூத்து. மர பெஞ்சு, மர பெஞ்சுன்னு இருபது பக்கத்துக்கும் எழுதித் தள்ளியிருக்கேன். உள்ள வந்து பாத்தா இரும்பு நாற்காலி! பிளாஸ்டிக் உறை கூட பிரிக்கல, உக்காந்தா வழுக்குது. பெயின்ட் வாசனை வேற மூக்கைத் துளைக்குது. நான் எப்பவோ சின்ன வயசுல இங்க வந்தப்ப பெஞ்சுதான் இருந்துச்சு, அதை வச்சு அடிச்சு விட்டுட்டேன். பரவால்ல, பெஞ்சை நேத்துதான் மாத்தினாங்கன்னு சொல்லிக்கலாம்… என்னக்கா? இருங்க, இருங்க, ஒரே நிமிஷம். நீங்க அப்பத்துலேந்து வாயைத் திறக்கறீங்க, நான்தான் விட மாட்டேங்கறேன், தெரியும். விஷயத்துக்கு வந்துட்டேன்.

ஒரே ஒரு உதவி. நீங்க தினமும் இங்கேந்துதானே பஸ் ஏறுவீங்க? பாத்தாலே தெரியுது. மேடம் வந்ததும் நான் சும்மா உங்ககிட்ட, "அந்தப் பழுப்புச் சட்டைக்காரர் இன்னிக்கு வரலையாக்கா?"ன்னு கேப்பேன். நீங்க, "தினமும் வருவாரே, இன்னிக்கு என்னமோ காணோமே"ன்னு சொல்லணும். அவ்வளவுதான்! ஒரு வரி! உங்களுக்கு என்ன நஷ்டம்? சொல்லிப் பாருங்க. "இன்னிக்கு என்னமோ காணோமே." கொஞ்சம் வருத்தமா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? சரி, சொல்லுங்க. நான் பேசல. வாயை மூடிக்கிட்டேன்.

என்னது?

எது மூடியிருந்துச்சு? இந்த ஹாலா? போன மாசம் முழுக்கவா? …தரை பேத்துப் போட்டு… திங்கக்கிழமைதான் திறந்தாங்களா? இந்தத் திங்கக்கிழமையா?

விளையாடாதீங்கக்கா.

அப்ப நீங்கல்லாம் எங்க… ரோட்டுலயா? அந்த வெயில்லயா? …தகரத் தடுப்போட நிழலா? அது எவ்வளவு அகலம் இருக்கும்… ஒரு ஆள் நிக்கற அளவா. நாப்பது பேரு. ம். …முறை வச்சா? ஆளுக்கு அஞ்சு நிமிஷமா? கைக்குழந்தை வச்சிருக்கவங்க மட்டும் நகர வேண்டாம்னு… நிழல் நகர நகர வரிசையும் கூடவே நகருமா? யாருக்கும் யாரையும் தெரியாது, ஆனா ஒரு நாளும் சண்டை வரலையா? பஸ் வந்தாலும் தன் முறை போயிடும்னு ஏறாம நின்ன பாட்டியா! ஐயோ.

இதெல்லாம் நடந்துச்சா. நான் கட்டில்ல படுத்திருந்த நேரத்துல.

யாரு இந்த முறையெல்லாம் பாத்துச் சொன்னது? …டீச்சரம்மாவா? கைக்கடிகாரத்தைப் பாத்து, "அடுத்தவங்க வாங்க"ன்னு… உயரமா? மூக்குக் கண்ணாடியா? நீலத் துணிப்பை?

அக்கா, அது எங்க மேடம்க்கா.

அவங்க எதுல காலேஜுக்கு வர்றாங்கன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்ல. அன்னிக்கு அவங்க நின்னு நிதானமா படிச்சாங்களே, அப்பவும் அவங்க முகத்தை நான் பாக்கல. யாரு யாரு கை தட்டறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

நான் கிளம்பிடறேன்க்கா. பின்பக்கமா வழி இருக்கா? …அதோ. மேடம் வந்தாச்சு. உங்களைப் பாத்துக் கையாட்டறாங்க! நீங்களும் ஆட்டறீங்க! உங்க பஸ்ஸா அது? இப்பதானா வரணும்? அக்கா, இருங்க, அந்த ஒரு வரி… இல்ல. வேண்டாம். நீங்க போங்க. பை, உங்க பை… ஓடுங்க, கிளம்பிடப் போறான்.

வாங்க மேடம். உக்காருங்க, கொஞ்சம் வழுக்கும். …ஆமா மேடம், நாலு பத்து ஆகப் போகுது. இல்ல மேடம், வாசலைப் பாக்க வேண்டாம். அவர் வர மாட்டாரு.

இன்னிக்கு மட்டும் இல்ல மேடம். அவர் ஒரு நாளும் வந்ததில்ல. நானும்தான்.