ஐந்தாம் நாள் படம்

இருபத்திரண்டு வருடமாக நான் சென்ட் பூசியதில்லை. தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது, துணிக்கு மணக்கிற சோப்பு கிடையாது. கருக்களுக்கு மூக்கு இல்லை என்றாலும் காற்றில் கலந்து வரும் வாசனை அவற்றை வாட்டிவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவோம். பாதிப் பேர் மூன்றாம் மாதம் மறந்துவிடுவார்கள். நான் மறந்ததில்லை. என் அலட்சியத்தால் ஒரு கருகூடக் கெட்டதில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தை இல்லாதவர்கள் எங்கள் மருத்துவமனைக்கு வருவார்கள். டாக்டரம்மா முட்டைகளை எடுத்து அனுப்புவார். இரண்டாம் மாடியில், சன்னல் இல்லாத அறையில், அவற்றைக் கருவாக்கி ஐந்து நாள் இன்குபேட்டரில் வளர்ப்பது என் வேலை. நன்றாக வளர்ந்ததை அந்தப் பெண்ணின் வயிற்றில் வைப்பார்கள். கருவை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு மாற்றும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் தட்டிலுள்ள நோயாளி எண்ணை உரக்க வாசிப்பார். மற்றவர் பார்த்து, "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார். என்னோடு இருந்த பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் புயல். மூன்று மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓட வேண்டும் என்பதால் அன்றைய தாள்கள் எல்லாவற்றிலும் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

"உங்க கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு சார். என் கண்ணு மேலதான் இல்ல," என்பாள்.

அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள். நம்பியதைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.

நான் கோபக்காரன் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் அக்கா கணக்கு டீச்சர். ஒருநாள் வகுப்பில் அவள் விரலிலிருந்து சாக்பீஸ் விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். மூன்று வருடம், மிஞ்சினால் நான்கு என்றார்கள்.

எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், ஒரு விஞ்ஞானி கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து நரம்பாக வளர்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மாடிக்காரர் என்போம். அவருக்குக் கருக்கள் வேண்டும். எங்களிடம் இருந்தன, ஆயிரக்கணக்கில். சிகிச்சை முடிந்து குழந்தையோடு போனவர்கள் விட்டுவிட்டுப் போன, உறையவைத்த மிச்சம். அவர்கள் நிரப்பும் தாளில் மூன்று கட்டங்கள்: பாதுகாக்கவும், அழிக்கவும், ஆராய்ச்சிக்குக் கொடுக்கவும். பத்தில் எட்டுப் பேர் இரண்டாவதில் குறி போட்டார்கள். ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். ஒருவர் கார் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டே குறி போட்டதை நான் பார்த்தேன். அழிந்தாலும் அழியட்டும், இன்னொருவருக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்கிற மனசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கென்று ஒரு நெறிமுறைக் குழு இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடும். ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு மதகுரு, ஒரு தத்துவப் பேராசிரியை. அந்தத் தாளின் வாசகத்தையாவது மாற்றுங்கள், மக்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்பதற்காகப் போனேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

"கருவை யாருன்னு கேக்கறதா, என்னன்னு கேக்கறதா? அங்கேயே நாம இன்னும் நிக்கறோம்," என்றார் பேராசிரியை.

"அவசரப்பட்டு முடிவெடுக்கற விஷயமா இது? அடுத்த மாசம் பாத்துக்கலாம். பிஸ்கட் எடுத்துக்குங்க தம்பி," என்றார் நீதிபதி.

நான் பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அக்காவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது.

முதலில், அழிக்கச் சொன்னவற்றை அழிக்காமல் மேலே கொடுத்தேன். அதற்கு வேண்டிய சம்மதத் தாள்களை நானே எழுதினேன். மாடிக்காரருக்கு இது தெரியாது. என் கையெழுத்தைப் பார்த்தால் அவருக்குப் போதும். இதைக் குற்றம் என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒருநாள் அவர் படியில் என்னை நிறுத்தினார்.

"பழைய ஸ்டாக்கை உருக்கினா பாதி செத்துடுது சார். புதுசா, நல்லதா மாசம் ரெண்டு கெடச்சா போதும். ஒரு வருஷ வேலைய ரெண்டே மாசத்துல முடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். நான் கீழே வந்து இன்குபேட்டரைத் திறந்தேன். புதிதும் நல்லதும் அங்கேதான் இருந்தன.

ஐந்தாம் நாள் தம்பதிகளை அழைத்து அவர்களுடைய கருவின் படத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். நன்றாக வளர்ந்திருந்தால் ஒரு பிரதி கொடுப்போம். வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவார்கள். வளர்ச்சி நின்றுபோயிருந்தாலும் காட்டுவோம், கேட்டால் அதையும் கொடுப்போம். என்னிடம் நின்றுபோன கரு ஒன்றின் தெளிவான படம் இருந்தது. எண்ணை மட்டும் மாற்றி அதையே காட்டினேன். சுமாரான கரு இருந்தால் அதை வயிற்றுக்கு அனுப்பினேன். நல்லதை மேலே அனுப்பினேன். சுமாரானதிலும் சில சமயம் குழந்தை பிறக்கும். பிறந்தும் இருக்கிறது. அந்த வீட்டு இனிப்பை நானும் தின்றிருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அப்போது வெகுநேரம் ஆகும். நான் காத்திருந்தேன்.

"எனக்காகன்னு சொல்லாதடா. நான் கேட்டேனா? அந்தப் பொண்ணுங்களையாவது கேட்டியா?"

நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கணக்கு டீச்சர்டா நான். கழிக்கறதுக்கு முன்னாடி, யாருகிட்டேருந்து கழிக்கறோம்னு பாக்கணும்."

அன்றிலிருந்து என் கையால் சாப்பிட மறுத்துவிட்டாள். கவனித்துக்கொள்ள வந்த பெண்தான் ஊட்டினாள். நோய் அவள் புத்தியையும் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நோய் புத்தியைத் தொடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அக்கா இறந்த ஏழாவது நாள் வேலைக்குத் திரும்பினேன். எட்டாவது நாள் இரண்டு கருக்களை மேலே கொடுத்தேன். அதன்பிறகு எதற்கு என்று நேற்று கேட்டீர்கள். ஆராய்ச்சி ஒருவருக்காகச் செய்வது இல்லை. அப்படித்தான் நேற்று சொன்னேன்.

இனித் தையல்காரம்மாவுக்கு வருகிறேன். உங்களுக்குப் புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான். நாற்பத்திரண்டு வயது. கணவன் வேன் ஓட்டுகிறவன். வாய் திறக்கவே மாட்டான். அவளோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என் பிள்ளைங்க ஒழுங்கா இருக்காங்களா சார்? சேட்டை பண்ணினா ரெண்டு தட்டுங்க, நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

புயல் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவளுடைய முட்டைகளைப்போல நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த வயதில் அப்படி அமைவது அபூர்வம். ஐந்தாம் நாள் அவளுடைய கருக்கள் வட்டமாக, தெளிவாக, மேலோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரத் தயாராக இருக்கும். நான்கு முறை வந்தாள். நான்கு முறையும் படத்தைக் காட்டினேன். "உங்க முட்டைக்கு வயசாயிடுச்சும்மா," என்றேன். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா, என்னத்தவிர எல்லாத்துக்கும் வயசாயிடுச்சாம்," என்றாள். நான்காம் முறை படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாவதுதான் கடைசி. இதற்குமேல் முட்டை கிடைக்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இரண்டு கருக்கள் வளர்ந்தன. இரண்டும் அருமையானவை. காலையில் அவளை அழைத்துப் படத்தைக் காட்டி, ஒன்றும் மிஞ்சவில்லை என்றேன்.

அவள் படத்தைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். துணியில் இழை ஓடியிருக்கிறதா என்று பார்க்கிறவளைப்போல ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இதைத்தானே சார் போன தடவையும் குடுத்தீங்க. இங்க ஒரு மடிப்பு, இங்க கீழ ஒரு சின்ன நெளிவு. வீட்ல இருக்கே."

"எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான்மா இருக்கும்."

"ஒரே துணியில ரெண்டு சட்டை வெட்டினாலே ஒண்ணுபோல வராது சார்."

அவள் படத்தை மேசையில் வைத்தாள். வெளியே போய் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கணவன் வண்டி எடுத்துவரப் போனான். நான் கதவைச் சாத்தினேன். கோபம்தான் வந்தது. இத்தனை பேர் பார்த்து அழுதுவிட்டுப் போன படத்தை, இவள் மட்டும் ஏன் உற்றுப் பார்க்க வேண்டும்?

அப்போது மேலேயிருந்து போன் வந்தது. அவர்களுடைய இன்குபேட்டர் பழுதாம். இந்த வாரம் எதுவும் அனுப்ப வேண்டாமாம்.

இரண்டு கருக்கள் தட்டில் இருந்தன. உறையவைத்து அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அல்லது கதவைத் திறந்து, தவறு நடந்துவிட்டது, வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா பக்கத்து அறையில்தான் இருந்தார். பன்னிரண்டு அடி தூரம். இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நடைபாதையில் அவள் எழுந்து நின்றாள்.

"நெஜமாவே ஒண்ணும் இல்லையா சார்?"

"இல்லம்மா."

மொத்தம் பதினெட்டுப் பெண்கள், நாற்பத்தொரு கருக்கள். பட்டியல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் திரும்பி வந்தபோது மணி நான்கு. தட்டு காய்ந்திருந்தது. இரண்டு கருக்களும் நின்றுபோயிருந்தன. மைக்ரோஸ்கோப்பில் வைத்து இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நடைபாதையில் கடைசியாக "இல்லம்மா" என்றதும் பொய்தான் என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.