ஒரே ஒரு ‘ஆமா’

– ஆபீஸ்ல அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இங்க நான் சர்வே அனுமதி அதிகாரி. நீ ஹெல்த் ரூம் நர்ஸ். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் உங்க அண்ணன் பொண்டாட்டியா மாறிக்கிறேன், அப்போ வாய் நிறைய கூப்பிட்டுக்கோ.

– சரிங்க மேடம். அந்த மேடம்கிட்டயே கேக்கிறேன். என் சர்வேயை ஏன் திருப்பி அனுப்பிட்டீங்க?

– திருப்பி அனுப்பல. நிராகரிச்சேன். திருப்பி அனுப்பினா திருத்திக் கொண்டு வரலாம். நிராகரிச்சா வர முடியாது. விதி மூணு.

– மகா நியாயம். மொத்தமே நாலு கேள்வி. பசங்க, வாத்தியாருங்க, ஆபீஸ் ஆளுங்கன்னு காலேஜ்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரு தடவை மெயில்ல போகணும். அவ்வளவுதான் கேட்டேன். ஏதோ உங்க நகையைக் கழட்டிக் கேட்ட மாதிரி நிராகரிச்சிருக்கீங்க.

– கோவிச்சுக்காதே. நகைன்னா கழட்டிக் குடுத்திருப்பேன். எல்லாருக்கும் மெயில்னா சும்மாவா? போன வருஷம் ஆளாளுக்கு சர்வே அனுப்பி, பசங்க சர்வேங்கிற பேரைப் பார்த்ததுமே அழிச்சுத் தள்ளினாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ஆபீஸ், இந்த நாற்காலி, இந்த விதியெல்லாம். மாசத்துக்கு ஒரு சர்வே. இந்த மாசத்துது போயாச்சு.

– எது போச்சு?

– நூலக வாசல்ல நிக்கிற தொட்டிச் செடிக்கு என்ன பேர் வைக்கலாம்னு.

– அதுக்கு அனுமதி குடுத்தீங்க.

– அவங்க முறையா விண்ணப்பிச்சாங்க. கேள்வியும் நடுநிலையா இருந்துச்சு. மூணு பேரைக் குடுத்து, எது பிடிச்சிருக்குன்னு கேட்டாங்க. நீ என்ன கேட்டிருக்கே? ‘ஹெல்த் ரூமை மூடினா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?’ இது கேள்வியா? கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், ஆமான்னு சொல்ல வைக்கிற வேலை.

– செடிக்கு என்ன பேர் வந்துச்சு?

– முடிவு வெளியாகிற வரைக்கும் ரகசியம்.

– செடிக்கு இருக்கிற மரியாதை என் ரூமுக்கு இல்ல. போகட்டும். இந்த மாசத்தோட என் ரூமை மூடுறாங்க மேடம். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

– இருக்காமலா? அந்த உத்தரவை டைப் அடிச்சதே நான்தான்.

– ஏன் மூடுறாங்கன்னு அதுல என்ன அடிச்சீங்க?

– ‘பயன்படுத்துவோர் இல்லாமையால்.’ அழகான வாக்கியம். பிரின்சிபாலே பாராட்டினாரு.

– அவருக்கு அது எப்படித் தெரியும்? என்னைக்காவது எட்டிப் பார்த்திருக்காரா?

– எட்டிப் பார்க்கிறதெல்லாம் பழைய முறை. சர்வே நடத்தினாரு. என் அனுமதியோட, விதிப்படி. ‘நீங்கள் ஹெல்த் ரூமைப் பயன்படுத்துகிறீர்களா?’ ஒரே கேள்வி. பதில் சொன்ன அத்தனை பேரும் ‘இல்லை’. ஒரே ஒரு ஆள் மட்டும் ‘ஆமா’.

– அந்த ஒரு ஆள் யாரு?

– நீயேதான் போட்டுக்கிட்டேன்னு சர்வே கமிட்டில பேசிக்கிட்டாங்க.

– எனக்கு அந்த சர்வேயே வரல. மெயில் லிஸ்ட்ல ஹெல்த் ரூமைச் சேர்க்க மறந்துட்டாங்களாம். என்னைத் தூக்குற சர்வே, என்னைத் தவிர எல்லாருக்கும் போயிருக்கு.

– அப்போ யாரோ கை தவறி அமுக்கியிருப்பாங்க. விடு.

– எப்படி விடுறது? லாகின் பண்ணித்தானே பதில் சொல்லணும்?

– பின்ன? லாகின் இல்லேன்னா ஒரே ஆள் உக்காந்து இருபது தடவை அமுக்குவான். விதி ஆறு.

– ஆனா மேலே பெருசா ‘உங்கள் பதில் ரகசியம்’னு போட்டிருந்ததாமே.

– ரகசியம்தான். பேர் வராது. நம்பர்தான் வரும்.

– நம்பரை வச்சு பேரைக் கண்டுபிடிக்க முடியாதா?

– அதுக்கு வேற ஷீட் இருக்கு. கமிட்டி எழுத்துல கேட்டாலொழிய யாரும் அதைத் தொறக்கக் கூடாது. விதி ஏழு. கம்ப்யூட்டர் ரூம்ல பத்திரமா இருக்கு.

– கம்ப்யூட்டர் ரூமுக்கு யார் பொறுப்பு?

– தெரியாத மாதிரி கேளு. உங்க அண்ணன்தான்.

– ஓகோ. அப்போ ரகசியம் குடும்பத்துக்குள்ளயே இருக்கு. மகா நியாயம்.

– உங்க அண்ணனைப் பத்தி உனக்கே தெரியாதா? வீட்டுல செருப்பைக்கூட அளவு வாரியா அடுக்கி வைக்கிற மனுஷன். விதியை மீறிட்டுத் தூங்குவாரா?

– சரி மேடம், நான் ஒண்ணு சொல்றேன், விதி நம்பர் சொல்லாம கேப்பீங்களா?

– முயற்சி பண்றேன்.

– என் ரூமுக்கு ரெண்டு கதவு. முன்கதவுல வர்றது தலைவலி, சுளுக்கு, விளையாட்டு மைதானத்துல முட்டி பேந்தவன். அவங்களை ரிஜிஸ்டர்ல எழுதுவேன். பின்கதவு ஜெனரேட்டர் பக்கம் இருக்கு. அது வழியா வர்றவங்களை எழுத மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து எழுதினதில்ல.

– அது பெரிய தப்பு.

– தப்புதான். எழுதியிருந்தா மறுநாள் வந்திருக்க மாட்டாங்க.

– அதனாலதான் ரிஜிஸ்டரைப் புரட்டினா மாசம் முழுக்க நாலு சுளுக்குதான் இருக்கு. ‘நாலு சுளுக்குக்கு ஒரு நர்ஸா’ன்னு பிரின்சிபால் கேட்டாரு. கமிட்டில எல்லாரும் சிரிச்சோம்.

– நீங்களுமா?

– நான் கமிட்டி செயலாளர். எல்லாரும் சிரிச்சா நானும் சிரிக்கணும்.

– அதுக்கும் விதி இருக்கா?

– எழுதாத விதி. அதுதான் எல்லாத்தையும்விடக் கறாரானது.

– பின்கதவு வழியா யார் யார் வர்றாங்கன்னு தெரியுமா? பேர் சொல்லல, கேளுங்க. பேனாவைத் தொட்டாலே கை நடுங்குற பையன் ஒருத்தன். ஹாஸ்டல் பாத்ரூம்ல அழுதா சத்தம் கேக்கும்னு என் ரூமுக்கு வந்து அழுதுட்டுப் போற பொண்ணு. கொளுத்துற வெயில்ல முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு வர்ற ஒரு டீச்சர். எதுக்கு முழுக்கைன்னு நான் கேக்க மாட்டேன். மருந்து மட்டும் போட்டு விடுவேன். இவங்கெல்லாம் உங்க மெயிலைத் தொறந்து, சொந்த நம்பரைத் தட்டி, ‘ஆமா, நான் போறேன்’னு அமுக்குவாங்களா?

– மாட்டாங்க.

– மூணு பேர் என்கிட்ட வந்து மன்னிப்பே கேட்டாங்க மேடம். ‘சிஸ்டர், பயந்துக்கிட்டு இல்லைன்னு போட்டுட்டேன்’னு. அதைச் சொல்லவும் பின்கதவு வழியாத்தான் வந்தாங்க.

– அடப்பாவமே. முன்னாடியே சொல்லியிருந்தா மன்னிப்புக் கேட்டவங்க எத்தனை பேர்னு தனியா ஒரு சர்வே எடுத்திருக்கலாம்.

– உங்களுக்கு எல்லாமே கேலியா இருக்கு. அடுத்த மாசம் பரீட்சை. பையனுங்க எங்க போய் நிப்பாங்க, அந்தப் பொண்ணு எங்க போய் அழும்? எனக்கு வேற வேலை கிடைச்சிடும், ஊசி போட ஆள் எங்கயும் வேணும். அவங்களுக்கு என் ரூமை விட்டா நாதி கிடையாது. அதுக்குத்தான் கேக்கிறேன். லாகின் இல்லாம ஒரே ஒரு தடவை திரும்பக் கேட்டுப் பாருங்க.

– ஒரே விஷயத்தை ஒரே வருஷத்துல ரெண்டு தடவை கேக்கக் கூடாது.

– விதி ஒன்பதா?

– பத்து. ஒன்பது, தலைப்புல ஆச்சரியக்குறி போடக் கூடாதுன்னு.

– இதை மாத்த வழியே கிடையாதா?

– ஒரு வழி இருக்கு. ஆனா உனக்கு உதவாது.

– சொல்லுங்களேன், கேட்டாவது வைக்கிறேன்.

– விதி பதினொண்ணு. சர்வேல பதில் சொன்ன ஒருத்தரோட பதில் வெளியில யாருக்காவது தெரிஞ்சுபோச்சுன்னா, அந்த ஆள் புகார் குடுக்கலாம். புகார் வந்தா மொத்த சர்வேயும் செல்லாது. அதை வச்சு எடுத்த முடிவும் செல்லாது. மறுபடியும் நடத்தணும், இந்தத் தடவை லாகின் இல்லாம.

– இதுதான் வழி. இதை வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் செடிக்கதை பேசினீங்க?

– முழுசாக் கேளு. புகாரை சொந்தப் பேர்ல, கையெழுத்தோட குடுக்கணும். என்ன பதில் சொன்னேன், அது யாருக்குத் தெரிஞ்சுது, எப்படித் தெரிஞ்சுதுன்னு எல்லாம் எழுதணும். கமிட்டி முன்னாடி வந்து நிக்கணும். பின்கதவு வழியா வர்றவன் முன்கதவுல வந்து மைக்கைப் பிடிப்பானா?

– அப்படி ஒரு விதியை எந்தப் புண்ணியவான் எழுதினது?

– இந்தப் புண்ணியவதிதான். விதி இருக்கணும், ஆனா யாரும் பயன்படுத்த முடியாதபடி இருக்கணும்னு பிரின்சிபால் சொன்னாரு. நாலு நாள் யோசிச்சு எழுதினேன். என் சர்வீஸ்லயே உருப்படியா எழுதின பத்தி அது.

– ரூமை யாருக்குக் குடுக்கிறாங்கன்னாவது சொல்வீங்களா, இல்ல அதுவும் ரகசியமா?

– சர்வே ஆபீஸுக்கு. இந்த அறையில ஃபைல் வைக்க இடம் பத்தல. உன் ரூம்ல காத்து நல்லா வரும். கட்டிலைத் தூக்கிட்டா ரெண்டு மேஜை போடலாம்.

– கட்டிலை மட்டும் எடுக்காதீங்க மேடம். தேவைப்படும்.

– சர்வே ஆபீஸுக்குக் கட்டில் எதுக்கு?

– சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

– சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். பின்கதவுக்காரங்க நாலு பேர் பேரை என் காதுல மட்டும் சொல்லு. எழுத்துல வேணாம். பிரின்சிபால்கிட்ட வாய்வார்த்தையாப் பேசிப் பார்க்கிறேன்.

– சொல்ல மாட்டேன்.

– ரூமே போகப் போகுது. இன்னும் என்ன வீராப்பு?

– ரூம் போனாலும் போகட்டும். சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்துத்தான் கதவைத் தொறந்து விட்டேன். காலையில சொந்த அண்ணன் வந்து கேட்டாரு, அவருக்கே சொல்லல. உங்களுக்கு சொல்வேனா?

– உங்க அண்ணனா? உன் ரூமுக்கா?

– ஆமா. என்னைக்கும் வராத மனுஷன். உக்காருங்கன்னேன், உக்காரல. டீ போடவான்னேன், வேண்டாம்னுட்டாரு.

– என்ன கேட்டாரு?

– அது வேண்டாம் மேடம். வீட்டு விஷயம்.

– என்ன கேட்டாருன்னு சொல்லு.

– ‘உங்க அண்ணி இங்க வர்றாளா, அவளுக்கு உடம்புக்கு என்ன’ன்னு கேட்டாரு.

– நீ என்ன சொன்னே?

– அண்ணிக்கு என்ன குறைச்சல், காலேஜுக்கே விதி எழுதிக்கிட்டு ராணி மாதிரி இருக்காங்க, அவங்க இங்க எதுக்கு வரணும்னேன். நம்பிக்கை இல்லேன்னா பாருங்கன்னு ரிஜிஸ்டரைத் தூக்கிக் குடுத்தேன். நாலு சுளுக்கையும் வரி வரியாப் படிச்சுட்டுப் போனாரு.

– கதவைச் சாத்து.

– சாத்தியாச்சு.

– யாராவது பார்த்திருப்பாங்களோ? ஜெனரேட்டர்காரர்?

– அவர் செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கமே வர மாட்டாரு. நீங்க வர்ற நேரத்துக்கு நான் ஜன்னலைக்கூட சாத்தி வச்சிடறேன். இந்த ரூம்ல இதைப் பேசுறதுக்கு மன்னிச்சிடுங்க அண்ணி. மேடம். எனக்கும் அதான் புரியல. நான் வாயைத் தொறக்கல, நீங்களும் தொறந்திருக்க மாட்டீங்க. அவருக்கு எப்படி மூக்குல வேர்த்துச்சு?

– நேத்து ராத்திரி சாப்பிடுறப்போ என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. வேலை ரொம்ப ஜாஸ்தியா, விட்டுடறியான்னு கேட்டாரு. என்னடா இது, திடீர்னு பாசம் பொங்குதுன்னு நினைச்சேன்.

– மூச்சு முட்டுறதைச் சொன்னா நிஜமாவே வேலையை விடச் சொல்வாருன்னுதானே இத்தனை நாளா மறைச்சீங்க?

– பின்ன? இந்த நாற்காலியும் இல்லேன்னா எனக்கு வாரம் ஒரு தடவை இல்ல, தினமும் முட்டும். உன் கட்டில்ல படுத்து, நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அந்த அரை மணி நேரத்தை வச்சுத்தான் மிச்ச வாரத்தை ஓட்டுறேன். அதை நானே மேஜை போட்டு மூடுறேன் பாரு. என் சாமர்த்தியம் யாருக்கு வரும்?

– அழாதீங்க அண்ணி. உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. அந்த ‘இல்லை’க் கூட்டத்துல உங்க ‘இல்லை’யும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியும். உங்க நிலைமையில யாரா இருந்தாலும் அதைத்தான் அமுக்கியிருப்பாங்க.

– விதி ஒண்ணு என்னன்னு தெரியுமா உனக்கு?

– இப்பவும் விதியா?

– ‘சர்வேயில் உண்மையான பதிலையே தர வேண்டும்.’ முதல் வரியில போட்டிருக்கேன். ஒருத்தரும் படிக்கிறதில்ல.

– அதையெல்லாம் யார் மதிக்கிறாங்க?

– உங்க அண்ணன் ஷீட்டைத் தொறந்து பார்த்திருக்காரு. செருப்பை அடுக்குற மனுஷனுக்கு, யாரோட நம்பர்னு தெரியாம தூக்கம் வந்திருக்காது. மேஜை டிராயர்ல வெள்ளை பேப்பர் இருக்கும், எடு. பேனா இந்தா. தலைப்பு, ‘விதி பதினொன்றின் கீழ் புகார்’. ஆச்சரியக்குறி போடாதே.

– யார் மேல புகார்?

– கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பாளர் மேல.

– அண்ணன் மேலயா? வீட்டுல பூகம்பம் வெடிக்கும். அது கிடக்கட்டும், புகார் குடுக்கிறது யாருன்னு எழுதுறது?

– அந்த ஒரே ஒரு ‘ஆமா’. என் முழுப் பேரைப் போடு, ஆபீஸ் பேப்பர்ல அண்ணின்னு எழுதித் தொலைச்சிடாதே.