வளைவுக்கு வளைவு ஒரு வரி

"எஸ்டேட் மேனேஜர் பொண்ணு கவிதை சொல்றப்ப ஏண்டி அங்கயும் இங்கயும் சாஞ்சுக்கிட்டே நின்னா?"

கிழக்கேகோட்டையில் கிளம்பி மலையேறும் பொன்முடி பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவள் துணிக்கடைச் சீருடைச் சேலையில் இருந்த அக்கா. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் தங்கை. பள்ளிக் கலைவிழாவில் தமிழ்க் கவிதைப் போட்டி முடிந்து, இருவரும் எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்லிக் கொடுத்தது பஸ்ல வச்சுல்லா. வளைவு வந்தா கம்பியப் பிடிச்சுச் சாஞ்சு, ஒரு வரி நிறுத்துவேன். அதையும் சேத்துப் படிச்சிட்டா."

"அவளுக்கு ஜீப் உண்டே?"

"படிக்கணும்னு ஜீப்ப விட்டுட்டு எங்கூட பஸ்ல வந்தா."

"அவ மலையாளம். தமிழ் நம்ம வீட்டுப் பேச்சு. பின்ன மேடை மட்டும் எப்படி அவளுக்கு?"

"லயத்துத் தமிழ் மேடைக்குக் கொள்ளாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

"அப்போ அவ சொன்னது எந்தத் தமிழாம்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"மேடைய விட்டு எறங்குனதும் ஜட்ஜ் அவகிட்ட கேட்டாரு அக்கா, யாரு இவ்வளவு நல்லாச் சொல்லித் தந்ததுன்னு. என் பேரச் சொன்னா. இனிஷியலோட!"

"அதுக்கு ஏண்டி இப்படிக் குதிக்கிற?"

"கிளாஸ்ல எல்லாரும் என்னத் தமிழ்க்காரின்னு கேலியா பாண்டின்னுதான் கூப்பிடுவாங்க, அவளும்தான். அவளுக்கு என் பேரு தெரியும்னே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."